குழலின் எதிரே நிற்பவர்

துப்பாக்கி என்பதைத் தூய தமிழ்ச்சொல் என்று கருதுவோர் பலர். துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்று வகுப்பில் பொருள் விரித்த தமிழாசிரியர் ஒருவரை நாம் அறிவோம். போதாக்குறைக்கு, வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளில் இதே எழுத்துகள் இதே வரிசையில் நிற்கின்றன. ஆங்கு அது மழை உணவை ஆக்கித் தருவதைக் குறிக்கும். குண்டுக்கும் மருந்துக்கும் வள்ளுவர் பொறுப்பில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி இச்சொல்லைத் துருக்கி மொழியிலிருந்து வந்ததாகவே காட்டுகிறது. படையோடு வந்த கருவி தன் பெயரையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

கருவியின் பெயர் கடன், வினைச்சொல்லோ நம்முடையது. தோசை சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம், பிணத்தையும் சுடுகிறோம். அடுப்படியிலிருந்து சுடுகாடு வரை பயன்பட்ட அந்தச் சொல்லையே துப்பாக்கிக்கும் கொடுத்துவிட்டோம். அரபியில் இக்கருவிக்கு 'புந்துகிய்யா' என்று பெயர். புந்துக் என்பது ஒரு கொட்டையின் பெயர். அந்தப் பருமனில் களிமண்ணை உருட்டிக் காயவைத்து வில்லில் வைத்து எறிந்த உருண்டைக்கும் அப்பெயர் ஏற்பட்டு, பின்னர் ஈயக் குண்டுக்கும், அதை எறியும் குழலுக்கும் பரவிற்று. வெனிஸ் நகரை அராபியர் இப்பெயரால் அழைத்ததனால் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், துப்பாக்கி தோன்றுமுன்பே புந்துக் உருண்டையால் வீழ்ந்த பறவையை உண்ணலாமா என்னும் வினா நம் சட்ட நூல்களில் தோன்றிவிட்டது. களிமண் உருண்டைக்கு முனை இல்லை. அது அறுப்பதில்லை, அடித்துக் கொல்கிறது. ஆகவே உயிரோடு கைக்குக் கிடைத்து முறைப்படி அறுத்தாலன்றி ஆகாது என்றனர். ஈயக்குண்டு வந்ததும் வினா மீண்டும் எழுந்தது. கி.பி. 1786இல் மறைந்த மாலிகி அறிஞர் தர்தீர், ஈயக்குண்டால் வீழ்ந்தது ஆகும் என்றார். 1836இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், அது சுட்டும் தன் பாரத்தாலும் கொல்கிறதேயன்றிக் கூர்மையால் அன்று என்று கூறி மறுத்தார். குண்டு 'சுடுகிறது' என்பதில் டமாஸ்கஸ் அறிஞரும் தமிழ்நாட்டுப் பாமரனும் ஒன்றுபட்டு நிற்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இந்தப் பழைய வழக்கை ஈண்டு எடுத்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. ஒரு கொக்கும் ஒரு மானும் வீழ்ந்ததற்கே, எது கொன்றது, எவ்வாறு கொன்றது, வீழ்ந்தது எந்நிலையில் கிடந்தது என்று இத்தனை கேள்வி கேட்ட மரபு நம்முடையது. அந்த மரபில் பயின்ற கண்ணோடு நம் காலத்துத் திரைப்படத்தையும் சிறுவர் விளையாட்டையும் பார்த்தால், வீழ்பவனைப் பற்றி எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதே முதலில் கண்ணில் படுகிறது. சுடுகிறவனின் முகம் திரை முழுவதும் நிறைகிறது. எதிரே நின்றவன் என்ன ஆனான்? அவன் யார்? இக்கட்டுரை அவனைப் பற்றியது.

பொம்மையிலிருந்து தொடங்குவோம். மதுரைச் சீமையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் முதல் துப்பாக்கி தீபாவளிக் கடையில்தான் கிடைக்கும். கறுப்பு வண்ணம் பூசிய தகரத் துப்பாக்கி. சிவப்புத் தாளில் மருந்துப் பொட்டுகள் வரிசையாக ஒட்டிய சுருள் கேப்பு. விசையை இழுத்தால் சுத்தி பொட்டின்மேல் விழும். பத்துக்கு நான்கு வெடிக்கும். வெடிக்காதவற்றைத் திண்ணையில் வைத்துக் கல்லால் தட்டி வெடித்துத் தீர்ப்பது பிள்ளைகளின் சிக்கனம். அந்தக் கேப்பு வருவது சிவகாசியிலிருந்து. நம் மதுரைக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் அவ்வூர், பொட்டு வெடியைச் செய்த அதே காலத்தில் வேறொன்றையும் அச்சிட்டது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசிப் பதிப்புகளே. இத்தாலியர் 1948இல் படைத்த டெக்ஸ் வில்லர் என்னும் அமெரிக்கக் குதிரைவீரனை, லயன் காமிக்ஸ் தமிழ்ச் சிறுவனின் அண்டை வீட்டுக்காரனாகவே ஆக்கிவிட்டது. துப்பாக்கிக்கு வேண்டிய ஓசையும் அதற்கு வேண்டிய கதையும் ஒரே ஊரிலிருந்து விற்பனைக்கு வந்த விந்தையை யாரும் குறித்து எழுதியதாக நாம் காணவில்லை.

முஸ்லிம் பிள்ளைகள் இதற்கு விலக்கல்லர். தீபாவளிக்கு வாங்காதவன் பெருநாளைக்கு வாங்குகிறான். தொழுகைத் திடலின் வாசலில் பலூன்காரருக்கு அடுத்த கடை பொம்மைத் துப்பாக்கிக் கடைதான். தகரம் போய் இப்போது பிளாஸ்டிக் வந்துவிட்டது. கேப்புக்குப் பதிலாக மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் உருண்டைகள் பையில் அடைத்து உடன் வருகின்றன. விசையை அழுத்தினால் உருண்டை உண்மையாகவே பாய்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கும் செய்தி நம் நினைவுக்கு வரும். விரல்களுக்கிடையில் கூழாங்கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதனால் வேட்டையும் ஆகாது, பகைவனும் வீழான், பல் உடையும், கண் போகும் என்று காரணமும் கூறினார்கள். பிளாஸ்டிக் உருண்டைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை எந்தக் கண் மருத்துவரும் எழுத முடியாது. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டாதீர்கள், உடன்பிறந்தானாயினும் நீட்டாதீர்கள் என்னும் கருத்தமைந்த நபிமொழிகளும் பல. கடைத்தெருவிலோ பள்ளிவாசலிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்றும் கற்பித்தார்கள். கருவி இருக்கலாம், முனை எவர்மேலும் படலாகாது. இக்கால ராணுவத்திலும் ரைபிள் கிளப்பிலும் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடமும் இதுவேயாம்.

எனினும் கண்ணும் பல்லும் மட்டுமே நம் கவலை என்றால், ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு அமைதி அடையலாம். நம் கவலை வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாள் பிற்பகலில் விளாங்குடியில் எமது மதரஸாவின் பின்சந்தில் ஏழெட்டுச் சிறுவர் துப்பாக்கி விளையாட்டுக்கு அணி பிரித்தனர். அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகள் இருவரும் அவர்களில் உண்டு. யார் ராணுவம், யார் தீவிரவாதி என்பதில் வழக்கு. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் காலையில் தொழுகைக்கு அணிந்த தொப்பியை இன்னும் கழற்றவில்லை. "நீ தொப்பி போட்ருக்க, நீதான்டா தீவிரவாதி" என்று தீர்ப்புக் கூறினான் ஒருவன். கூறியவன் அவனுடைய சொந்தப் பெரியம்மா மகன். அதில் பகை ஏதும் இல்லை. மழை பெய்தால் தரை ஈரமாகும் என்பது போன்ற இயல்பில் சொன்னான். தொப்பிக்காரப் பிள்ளை வாதாடவும் இல்லை, அழவும் இல்லை. தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இப்ப நான் ராணுவம்" என்றான். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். விளையாட்டு நடந்தது.

அந்த இரு பிள்ளைகளுக்கும் இவ்விலக்கணத்தைக் கற்பித்தவர் எவர்? வீட்டில் எவரும் கற்பித்திரார். மதரஸாவில் நாம் கற்பிக்கவில்லை. ஆகவே விடை தேடித் திரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. படம் பார்க்கும் மௌலவியா என்று புருவத்தை உயர்த்தும் அன்பர்களுக்கு ஒரு சொல்: படம் இப்போது கொட்டகையில் இல்லை, பிள்ளையின் கைக்குள், கைப்பேசியில் இருக்கிறது. மாணவன் மனப்பாடமாய் அறிந்த நூலை ஆசிரியன் புரட்டிப் பாராதிருப்பது பேணுதல் ஆகாது.

தமிழ்ப் படத்தில் துப்பாக்கி வெகுகாலம் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று அழைத்தார்கள். வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) ஆகியவை அவ்வகையின. எம். கர்ணன் இயக்கிய காலம் வெல்லும் (1970), கங்கா (1972), ஜக்கம்மா (1972) போன்றவற்றில் தொப்பியும் குதிரையும் புழுதியுமாக அமெரிக்க மேற்குப் பகுதியே தமிழ் பேசிற்று. அங்கே சுடப்பட்டு வீழ்ந்தவர்களுக்கு ஊரும் இல்லை, சாதியும் இல்லை, சமயமும் இல்லை. அவர்கள் கொள்ளைக்காரர்கள், அவ்வளவே. குப்புற விழுந்து, அடுத்த காட்சியில் வேறு தொப்பியோடு மீண்டும் வந்து விழுந்தார்கள். அது தீங்கற்ற கேலிக்கூத்து என்றே நாம் கொள்கிறோம். சிம்புதேவன் 2010இல் இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் என்று அதை எடுத்துக் கேலிக்கே கேலி செய்தார்.

அந்த விளையாட்டுக்கு நடுவில் ஒருமுறை உண்மைக் குண்டு பாய்ந்தது. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவர் குரல் பின்னர் பழைய குரலாக இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே ரகசிய போலீஸ் 115 வெளிவந்தது. அதில் கதாநாயகனின் கையில் துப்பாக்கி. திரைக்கு வெளியே உண்மையாகக் குண்டு பட்டவர் எவ்வாறு நடந்துகொள்வார், எவ்வளவு நாள் வலிப்பார், எவ்வளவு நாள் பேசத் தடுமாறுவார் என்பதையெல்லாம் தமிழ்நாடே கண்ணால் கண்டது. திரை அதில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அதன் பின் ஒரு மாற்றம் வந்தது. 1990களிலிருந்து குழலின் எதிரே நிற்பவனுக்கு மெல்ல மெல்ல ஒரு முகம் வரையப்பட்டது. தாடி, தொப்பி, அரபுப் பெயர். 1992இல் வந்த ரோஜாவை இதன் தொடக்கமாகக் கூறுவர். கொள்ளைக்காரனுக்கு இல்லாதிருந்த ஊரும் சமயமும் இவனுக்கு வந்தன. ஆனால் தாயும் தெருவும் தொழிலும் வரவில்லை.

இங்கே அரபு இலக்கியத் திறனாய்வில் வழங்கும் ஒரு சொல்லை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். இஸ்லாத்திற்கு முந்தைய காலத்துப் போர்க்கவிதைகளில் ஒரு வகையை 'முன்ஸிஃபாத்' என்பர். நீதி செய்பவை என்று பொருள். தன் குலம் வென்றதைப் பாடும் கவிஞன், எதிரியும் எம்மைப் போன்றே உறுதியாய் நின்றான், அவனும் எம்மவரை வீழ்த்தினான், அவன் வீட்டிலும் அழுகை கேட்டது என்று ஒப்புக்கொண்டு பாடினால் அது முன்ஸிஃபா. அபூ தம்மாம் தொகுத்த ஹமாஸாவில் இவ்வகைப் பாட்டைக் காணலாம். அறியாமைக் காலம் என்று நாமே பெயரிட்ட காலத்துக் கவிஞன் செய்த நீதி இது. தமிழிலும் இதற்குக் குறைவில்லை. சேரனும் சோழனும் ஒரே களத்தில் பொருது இருவருமே மாண்டபோது, கழாத்தலையார் புறநானூற்றில் இருவருக்கும் சேர்த்தே இரங்கினார். வென்றவர் எவர் என்று தேடவில்லை. போரைப் பாடுவது குற்றமன்று. எதிரே நின்றவனைக் கண்ணால் பார்த்துப் பாடினாயா என்பதே கேள்வி. இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் நம் துப்பாக்கிப் படங்களின் மாற்று உடனே தெரிந்துவிடும்.

பெயரிலேயே கருவியைத் தாங்கிய படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி விஜய் நடித்த துப்பாக்கி 2012 நவம்பர் 13 அன்று, தீபாவளி நாளில், வெளிவந்தது. பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கி வாங்கும் அதே நாள். விடுமுறையில் மும்பைக்கு வந்த ராணுவ வீரன், நகரில் ஊடுருவிய பயங்கரவாதிகளைத் தன் தோழர்களோடு பின்தொடர்கிறான். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இடங்கள், ஒரே நொடியில் அத்தனை பேரையும் சுட்டு வீழ்த்துகிறார்கள். கட்டுக்கோப்பில் குறை சொல்ல முடியாத காட்சி, கடிகாரம்போல் ஓடுகிறது, கொட்டகை கைதட்டிற்று. படத்தைப் பத்து முறை பார்த்த இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பன்னிருவரில் ஒருவன் பெயராவது நினைவிருக்கிறதா? ஒருவன் எதற்காக அங்கு வந்தான் என்பதாவது? இராது. அவர்கள் திருவிழாத் திடலில் பலகையில் குத்திவைத்த பலூன்கள். அந்தக் காட்சி ராணுவத்தைப் பற்றியது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது பலூன் கடை.

அப்போது முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படத்தினர் வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கினர். அடுத்து விஸ்வரூபம். 2013 ஜனவரியில் தமிழக அரசே தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்கள் ஒலி நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7 அன்று படம் வெளிவந்தது. இவ்விரு நிகழ்வுகளிலும் நம்மவர் மனம் புண்பட்டது நியாயமே. அதை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். வெட்டியது எத்தனை நிமிடம்? அந்த நிமிடங்கள் போனபின் எஞ்சிய படத்தில் எதிரே நிற்பவன் முகம் மாறிற்றா? கத்தரிக்கோல் காட்சியை நீக்கும், பார்வையைத் திருத்தாது. அன்று நம் இதழ்களில் அறிக்கைகள் வந்தன, கண்டனங்கள் வந்தன. படத்தை வரிவரியாய் எடுத்து, இதன் கலை எங்கே நொண்டுகிறது என்று காட்டிய திறனாய்வு எத்தனை வந்தது? மனு எழுதத் தெரிந்த அளவுக்கு விமரிசனம் எழுதத் தெரியாத சமுதாயமாக நாம் இருப்பதில் யாருக்கு இலாபம் என்று தெரியவில்லை.

விஸ்வரூபத்தைக் குறித்து நீதியாகச் சில சொல்ல வேண்டும். அதன் நாயகன் முஸ்லிம். தொழுகையை முடித்துவிட்டுத்தான் பகைவரை அடிக்கிறான். அதில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஆப்கான் சிறுவன் ஒருவன், கையால் தடவியே தோட்டாக்களின் வகையைச் சொல்கிறான், தந்தை பூரிக்கிறான். கோலிக்குண்டு உருட்ட வேண்டிய விரலில் துப்பாக்கிக் குண்டு. கலைஞனின் கண் ஒரு நொடி திறந்த இடம் அது. அந்தப் பிள்ளையின் கைக்கு அத்தோட்டாக்கள் எந்தெந்த நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்து சேர்ந்தன என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் அப்படம் முன்ஸிஃபா ஆகியிருக்கும். கேட்கவில்லை.

2024 செப்டம்பரில் வந்த தி கோட் படத்தில் விஜய் தம் துப்பாக்கியைச் சிவகார்த்திகேயனிடம் கொடுக்கிறார். அரசியலுக்குப் போகிறவர் தம் இடத்தை இளையவருக்குக் கொடுத்துவிட்டார் என்று இரசிகர் பொருள் கொண்டு ஆர்ப்பரித்தனர். பழைய மன்னர் கதையில் செங்கோல் கைமாறும். சுடும் வேலையைக்கூட விட்டுவிட்டு, துப்பாக்கி இப்போது பட்டம் சூட்டும் வேலைக்கு வந்துவிட்டது.

மதுரையைக் களமாகக் கொண்ட ஒரு படத்தை மட்டும் நாம் வேறாக வைப்போம். கார்த்திக் சுப்புராஜின் ஜிகர்தண்டா டபுள் எக்ஸ். 2023 நவம்பர் 10, அதுவும் தீபாவளிப் படமே. 1970களின் மதுரையில் அலியஸ் சீசர் என்னும் ரவுடி, கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கௌபாய்ப் படங்களில் மயங்கியவன்; தன்னைக் கதாநாயகனாக வைத்துப் படமெடுக்க ஆள் தேடுகிறான். அவனைக் கொல்லவந்த ஒருவன் இயக்குநர் வேடத்தில் கையில் கேமராவோடு நுழைகிறான். முற்பாதி முழுவதும் துப்பாக்கியின் ஆட்டம். நீளம் அதிகம், இரைச்சலும் அதிகம், பல இடங்களில் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஆனால் படம் காட்டுக்குள் சென்றபின் திசை மாறுகிறது. மலைவாழ் மக்களைப் போலீசார் சுட்டுக் கொல்ல வரும்போது, சீசர் திருப்பிச் சுடுவதை விட்டுவிட்டு, தன் மக்களோடு குழலின் எதிரே போய் நிற்கிறான்; நடப்பதைப் படம்பிடிக்கச் சொல்கிறான். ஐம்பது ஆண்டுகளாகத் துப்பாக்கியின் பின்னால் நின்ற தமிழ்ப்படக் கேமரா, அந்த ஒரு காட்சியில் நடந்து போய் முன்னால் நின்றது. ஆங்கிலத்தில் சுடுவதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே சொல். அதை வைத்து அங்குள்ளவர்கள் பல சிலேடைகள் செய்திருக்கிறார்கள். தமிழில் நாம் படத்தைப் பிடிக்கிறோம். ஓடிப்போகவிடாமல் பிடித்து வைத்துச் சாட்சி சொல்ல வைக்கிறோம் என்று கொண்டால், இந்தப் படத்துக்குத் தமிழ்ச் சொல்லே பொருந்துகிறது.

அக்காட்சியைக் கண்டவர் எவரும் தூத்துக்குடியை நினையாதிருக்க முடியாது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்கள்மேல் போலீசார் சுட்டனர்; அன்றும் மறுநாளும் நடந்த சூட்டில் 13 பேர் மாண்டனர். சீருடை இல்லாத காவலர் வாகனத்தின் கூரைமேல் ஏறி நின்று குறிபார்த்த காட்சியை நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிள்ளைகளில் சிலர், இது எந்தப் படம் என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, அந்த நிற்கும் கோணத்தை அவர்கள் அதற்கு முன் கண்டிருந்தது படத்தில் மட்டுமே.

இனி, எதிரே எவரும் இல்லாத துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஈயச் சிதறலின் விட்டமோ நாலரை மில்லிமீட்டர். அறுபது முறை சுட வேண்டும். மூச்சை அடக்கி, இதயத் துடிப்புகளின் இடைவெளியில் விசையை அழுத்துவதே வித்தை என்பர். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக்குகளில் இவ்வாறு நின்றவர். 'வாலறிவன்' என்னும் பெயர் குறளிலிருந்து வந்தது. துப்பாக்கியும் குறளும் இம்முறை முறையாகவே சந்தித்துக்கொண்டன. அவரை நம் தெருவில் எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? நடிகர் அஜித்குமாரைத் தெரியும். அவரும் 2021, 2022 ஆண்டுகளில் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பதக்கங்கள் வென்றவர். திருச்சியில் அவர் சுட வந்தபோது கூடிய கூட்டம் நடிகரைக் காண வந்தது. புள்ளிப்பலகையைக் காண வந்ததன்று. திரையில் ஒரு சண்டைக்கு நூறு குண்டு பொழியும் மனிதர், களத்தில் ஒரு குண்டுக்கு எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறார் என்பதை அக்கூட்டம் கண்டிருந்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் விளங்கியிருக்கும்.

பாரிஸில் 2024இல் துருக்கியின் யூசுஃப் திகெச் கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளி வென்றார். வயது 51. ஒரு கை காற்சட்டைப் பையில், கண்ணில் அன்றாடக் கண்ணாடி. உலகமெங்கும் அவர் படம் பரவிற்று. ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்வது கைத்துப்பாக்கிப் போட்டியில் வழக்கமேயாம். ஆனால் உலகம் அவரை என்னவென்று கொண்டாடிற்று? சினிமாவில் வரும் கூலிக்கொலைகாரன்போல் இருக்கிறார் என்று. கொல்லாத ஒரு துப்பாக்கிக்காரரைக் காணும்போதும் கொலைகாரனை நினைத்துத்தான் மகிழத் தெரிகிறது.

அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்து ஓர் அணியோடு சேர்ந்து கொண்டார்கள். மற்ற அணி எய்வதை நிறுத்திவிட்டது. தங்கள் எதிரணியில் நபியே இருக்க எவ்வாறு எய்வோம் என்றனர். உங்கள் அனைவரோடும் நான் இருக்கிறேன், எய்யுங்கள் என்றார்கள் அண்ணலார். புகாரியில் உள்ள இச்செய்தியை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். போட்டியில் எதிரணி உண்டு. ஆனால் அது எதிரே நிற்பதில்லை, பக்கத்தில் நிற்கிறது. எல்லோரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். நல்ல காற்றுத்துப்பாக்கியின் விலை இலட்சங்களில் இருப்பதால் விளாங்குடிப் பிள்ளைக்கு இந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது. பொம்மையோ நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

திரையும் பொம்மையும் மறந்துவிட்ட ஒருவரை இங்கே நினைவூட்டுவோம். தொப்பியணிந்தவன் கையில் துப்பாக்கி என்றால் இன்று ஒரே கதைதான் உண்டு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, விளாங்குடிக்கு அருகிலேயே வேறு கதை இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கும் முஹம்மத் யூசுஃப் கான், மருதநாயகம் என்றும் கான்சாகிபு என்றும் மக்கள் சொல்லும் மதுரை ஆட்சியாளர். கும்பினிப் படையில் வளர்ந்து, அதே கும்பினியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கினார். தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அவர் புனிதர் அல்லர். பாளையக்காரர்களைக் கும்பினிக்காக ஒடுக்கியதும் அவரே. கமல்ஹாசன் 1997 அக்டோபர் 16 அன்று, இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில், சென்னையில் மருதநாயகம் படத்தைத் தொடங்கினார். படம் நின்றுபோயிற்று. இதே மனிதரைப் பற்றி நாட்டுப்புறப் பாவலன் பாடிய கான்சாகிபு சண்டை, நா. வானமாமலை பதிப்பாகக் கிடைக்கிறது. பீரங்கியும் வெடியும் அதிலும் உண்டு. கும்பினியின் பக்கமும் கோட்டையின் பக்கமும் நின்று பாட வேண்டியிருந்த அக்கவிஞன் எதிரிக்கு எவ்வளவு நீதி செய்தான் என்பதைத் தனியே ஆராய எண்ணியிருக்கிறோம். அதன் வேறு பாடமோ, ஏட்டுப் பிரதியோ, பாடக் கேட்ட முதியவர் நினைவோ மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம் பகுதி அன்பர்களிடம் இருக்குமாயின், இவ்விதழின் முகவரிக்கு எழுதினால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம்.